பேசும் மென்பொருள் திடீரென்று வாயை மூடிக்கொண்டால்...

கம்ப்யூட்டரில் ஏதாவது தப்பு நடந்தால் திரையில் ஒரு பெட்டி வந்து குதிக்கும். அதில் எழுதியிருப்பது நமக்குப் புரிகிறதோ இல்லையோ, 'என்னவோ கோளாறு' என்பதாவது தெரிந்துவிடும். பார்வையில்லாத ஒருவருக்கு அந்தப் பெட்டியைப் படித்துச் சொல்வது ஸ்கிரீன் ரீடர். சரி, கோளாறே ஸ்கிரீன் ரீடருக்குள் வந்துவிட்டால்? அதை யார் படித்துச் சொல்வது?

விண்டோஸில் பலரும் பயன்படுத்தும் இலவச ஸ்கிரீன் ரீடர் என்விடிஏ. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006ல் தொடங்கியது. பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். தமிழிலும் படிக்கும். பைத்தான் மொழியில் எழுதப்பட்டது என்பதால், பைத்தான் தெரிந்த யாரும் இதற்குக் குட்டி ஸ்கிரிப்ட் எழுதிச் சேர்க்கலாம். இவற்றுக்கு 'ஆட்-ஆன்' என்று பெயர்.

எதற்கு இந்த ஸ்கிரிப்ட்? ஒரு கடையின் பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மொத்தத் தொகை திரையின் கீழ் மூலையில் இருக்கிறது. பார்வையுள்ளவருக்கு ஒரு பார்வை போதும். ஸ்கிரீன் ரீடரில் வேலை செய்பவர் ஒவ்வொரு பில்லுக்கும் டேப் பட்டனைத் தட்டித் தட்டி அங்கே போக வேண்டும். ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் ஒரே ஷார்ட்கட்டில் தொகை காதில் விழும். அவருக்கு வேலை நிலைப்பதும் போவதும் சில சமயம் இந்த ஒரு ஷார்ட்கட்டில்தான் இருக்கிறது.

ஒருநாள் பில்லிங் மென்பொருள் அப்டேட் ஆகிறது. தொகை இருந்த இடம் மாறிவிடுகிறது. ஸ்கிரிப்ட் பழைய இடத்தில் போய்த் தேடுகிறது. அங்கே எதுவும் இல்லை. பைத்தானில் இந்த 'இல்லை'க்கு 'நன்' என்று பெயர். இல்லாத பொருளிடம் போய் 'உன் பெயர் என்ன?' என்று கேட்டால் பிழைதானே வரும்? அதுதான் ரன்டைம் எரர். எழுதும்போது தெரியாது, ஓடும்போதுதான் தெரியும்.

என்விடிஏ இந்தப் பிழையால் விழுந்துவிடாது. தானே பிடித்து, லாக் கோப்பில் எழுதிவிட்டு, தன் வேலையைத் தொடரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயனருக்கு? ஒரு சத்தமும் இல்லை. பட்டன் சரியாக அழுந்தவில்லையா, பில் காலியா, ஸ்பீக்கர் போய்விட்டதா? நாலு முறை அழுத்திப் பார்ப்பார். எதிரே வாடிக்கையாளர் காத்திருப்பார்.

பிழை நேர்ந்தால் ஒலி எழுப்பும் வசதி என்விடிஏவில் உண்டு. ஆனால் அது வழக்கமாகச் சோதனைப் பதிப்புகளில் மட்டும்தான் ஒலிக்கும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் போய் எப்போதும் ஒலிக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் முதலில் இதைச் செய்துவிடுவது நல்லது.

அடுத்தது, பிழையைப் பிடிப்பது. 'ட்ரை', 'எக்ஸெப்ட்' என்ற இரண்டு சொற்கள் போதும் என்று பைத்தான் பாடத்தில் சொல்லித் தருவார்கள். பிடித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எக்ஸெப்டுக்குக் கீழே 'பாஸ்' என்று எழுதிவிட்டால் லாகில்கூட தடயம் இருக்காது. நோயை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை உடைத்த கதை.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. புதுத் தொகை கிடைக்காவிட்டால் கடைசியாகக் கிடைத்ததைச் சொல்லும்படி சிலர் எழுதுகிறார்கள். முந்தையவரின் 1,240 ரூபாயை அடுத்தவரிடம் கேட்டால் என்ன ஆகும்? என் கணக்கில், தப்பாகப் பேசுவதற்குப் பேசாமல் இருப்பதே மேல்.

செய்ய வேண்டியது எளிது. பொருள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால், 'மொத்தத் தொகை கிடைக்கவில்லை' என்று ஒரே வரியில் பேச வைக்க வேண்டும். விவரம் முழுவதும் லாகுக்குப் போகட்டும். பிழைச் செய்தியை அப்படியே ஆங்கிலத்தில் இருபது வரி வாசித்துக் காட்டுவது கேட்பவருக்குத் தண்டனை.

இன்னொன்று: ஸ்கிரிப்டுக்குள் காத்திருக்க வைக்காதீர்கள். இணையத்திலிருந்து ஏதோ வரட்டும் என்று அது பத்து விநாடி நின்றால், அந்தப் பத்து விநாடியும் என்விடிஏ உறைந்து நிற்கும். அவருக்கு மொத்தக் கம்ப்யூட்டரும் நின்ற மாதிரி.

கட்டண மென்பொருளான ஜாஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் வாயாடி. ஸ்கிரிப்ட் அழைக்கும் ஃபங்ஷன் இல்லையென்றால், 'அன்னோன் ஃபங்ஷன் கால்' என்று உரக்கவே சொல்லிவிடும். எரிச்சலாக இருந்தாலும் என்ன நடந்தது என்று தெரிகிறதே!

ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாத பயனர்களுக்கும் வழி உண்டு. என்விடிஏ கீயுடன் க்யூ அழுத்தினால் வெளியேறும் பெட்டி வரும். அதில் ஆட்-ஆன்கள் இல்லாமல் மறுபடி தொடங்கும் தேர்வு இருக்கிறது. அப்படித் தொடங்கி எல்லாம் சரியாக ஓடினால், குற்றவாளி ஏதோ ஒரு ஆட்-ஆன். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். என்விடிஏவின் பதிப்பு மாறும்போதும் இது நடக்கும், 2019.3 பதிப்பில் பைத்தான் 3க்கு மாறியபோது பழைய ஆட்-ஆன்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

எழுதியவருக்குப் புகார் அனுப்பும்போது லாக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். டெம்ப் ஃபோல்டரில் இருக்கும். என்விடிஏவை மறுபடி தொடங்கிவிட்டீர்கள் என்றால் முந்தைய லாக், 'ஓல்டு' என்ற பெயரில் இருக்கும். இரண்டாவது முறை தொடங்கினால் அதுவும் போய்விடும், எனவே உடனே நகலெடுத்து வையுங்கள். லாக் அளவை அதிகமாக வைத்திருந்தால் நீங்கள் அழுத்திய கீகளும் கேட்ட பேச்சும் அதில் பதிவாகியிருக்கும். அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.