ஸ்டுடியோவில் பிறந்தாலும் அது தெம்மாங்குதான்

எண்பதுகளில் கொடிகட்டிப் பறந்த கிராமியப் பாட்டெல்லாம் ஸ்டுடியோவில் செய்த போலி என்கிறார் நண்பர் ஒருவர். வன்மையாக மறுக்கிறேன். இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர், அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர். ‘முதல் மரியாதை’ (1985), ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ (1987), ‘கரகாட்டக்காரன்’ (1989) எல்லாம் அந்த அலைச்சலில் விளைந்தவை. பத்து வயலின் சேர்ந்துவிட்டால் தெம்மாங்கு செத்துவிடுமா?

யார் கேட்டார்கள் என்றும் பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடி டாங்கி ஆலைக்கும் வேலைக்கு வந்த தென்மாவட்டத்துப் பிள்ளைகள், வெற்று கேசட்டும் கைப்பட எழுதிய பாட்டுப் பட்டியலுமாக ரெக்கார்டிங் கடை வாசலில் நின்றார்கள். அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்தான். எந்தப் பாட்டை விடுவது என்பதே பெரும்பாடு. நாற்று நட்ட வீட்டுப் பிள்ளைக்கு அசல் எது, போலி எது என்று தெரியாதா?

ஒன்று உண்மை. ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடியும் கரகாட்டக் கலைஞர்களின் வறுமை தீரவில்லை. அதைப் பேசுங்கள், நானும் சேர்ந்து பேசுகிறேன். பாட்டைப் பழிக்காதீர்கள்.