நாடகம் படிக்கிற பிள்ளை

போன மாதம் ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது ஒரு தகப்பன் என்னிடம் வந்தார். "அக்கா, நீங்களாவது இவளுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. ஏ லெவலுக்கு கெமிஸ்ரி, பயோலொஜியோட நாடகமும் எடுத்துக்கொண்டு நிக்கிறாள். அதுவும் என்ன நாடகம் எண்டு கேளுங்கோ. புருசனையும் பிள்ளையளையும் விட்டிட்டுப் போற ஒருத்தியின்ர கதையாம்." மகள் பக்கத்தில் நின்று பிஸ்கற்றைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வாலிபர் கூட்டத்துப் பிள்ளை அவள். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கூட்டத்துக்குத் திறப்பு வைத்திருப்பவள் நான். "சரி, சொல்லுறன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

சொல்ல வேண்டியதை யோசித்துப் பார்த்தால் அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவருக்கும் எங்களுக்கும்தான் இருக்கிறது.

முதலில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்ப்போம். அவளுடைய எடெக்செல் பாடத்திட்டத்தில் எழுத்துப் பரீட்சைக்கு 40 வீதம். மாணவர்களே உருவாக்கும் நாடகத்துக்கு இன்னொரு 40. எழுதப்பட்ட நாடகம் ஒன்றை மேடையேற்றுவதற்கு மிச்சம் 20. இந்தக் கடைசிப் பகுதிக்கு வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் பாடசாலைக்கு வந்து உட்கார்ந்து பார்த்துப் புள்ளி போடுவார். குழுவாக ஒரு காட்சி செய்ய வேண்டும். அதோடு வேறொரு நாடகத்திலிருந்து தனியாகவோ இருவராகவோ ஒன்று. இருவர் காட்சிக்கு அவளும் அவளுடைய வகுப்பில் படிக்கும் ஒரு போலந்துப் பிள்ளையும் எடுத்திருப்பது இப்சனின் 'பொம்மை வீடு'. பாடசாலையில் ஒத்திகைக்கு அறை கிடைக்காத வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். போலந்துப் பிள்ளை வராத நாளில் அவளுடைய வசனத்தை வாசித்தது நான்தான், என் கண்ணாடியைத் தேடிப் பிடித்துக்கொண்டு.

புருசனை விட்டுப் போகிறவள் நோரா. எங்கள் பிள்ளைக்கு வந்த பாத்திரம் கிறிஸ்டீன். முதல் அங்கத்தில், கிறிஸ்மஸுக்கு முதல் நாள், குளிரில் கப்பலேறி வந்து பழைய சிநேகிதி நோராவின் வீட்டுக் கதவில் நிற்கிறாள். நோராவுக்கு முதலில் அவளை அடையாளமே தெரியவில்லை. கட்டிலோடு கிடந்த தாய்க்கும் இரண்டு தம்பிமாருக்கும் சோறு போட வேண்டும் என்பதற்காக மனமில்லாத ஒருவரைக் கட்டினவள் அவள். அவர் செத்து மூன்று வருடம். காசும் இல்லை, பிள்ளையும் இல்லை. சின்னக் கடை நடத்தி, பள்ளிக்கூடம் வைத்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து முடித்த நேரம் தாயும் போய்விட்டார், தம்பிமாரும் தங்கள் வழியில் போய்விட்டார்கள். 1879இல் நோர்வேக்காரர் ஒருவர் எழுதியது இது. எங்கள் ஆட்களை அவர் கண்டிருக்கவே மாட்டார். ஆனால் எங்கள் சபையில் இந்தக் கதையை வேறு பெயரோடு சொல்லக்கூடியவர்களை எண்ணத் தொடங்கினேன். ஒரு கை விரல்கள் போதவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை அவள் இந்தக் காட்சியை அழுது அழுது செய்தாள். நன்றாகவே அழுதாள். எனக்கே தொண்டை அடைத்தது. அதில் பாதிக் குற்றம் எங்களுடையது. ஐந்து வயதிலிருந்து கிறிஸ்மஸ் நாடகத்தில் நாங்கள் பழக்கியது அப்படித்தான்: சனத்தைப் பார்த்துச் சொல்லு, சத்தமாய்ச் சொல்லு, கையைத் தூக்கு. ஏரோது சிரித்தால் கார் நிறுத்துகிற இடம் வரைக்கும் கேட்க வேண்டும். தலையில் துவாய் கட்டின மேய்ப்பர்களைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. எங்கள் மண்டபத்து மைக் வேலை செய்கிற அழகுக்கு அது வேண்டியதுதான். ஆனால் பாடசாலையில் ஆசிரியை அவளிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாராம்: "இவள் இந்த வீட்டுக்கு எதற்கு வந்திருக்கிறாள்?"

வேலை கேட்க. நோராவின் கணவனுக்கு வங்கியில் மனேஜர் பதவி கிடைத்திருக்கிறது. கிறிஸ்டீனுக்கு ஒரு வேலை வேண்டும், அதை உடனே கேட்கவும் முடியாது. எதிரில் இருப்பவள் தன் சந்தோஷத்தையும் வரப்போகிற காசையும் பற்றி மூச்சு விடாமல் கதைக்கிறாள். அதையெல்லாம் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். வேலை கேட்க வந்த வீட்டில் யார் அழுவார்கள்? கண்ணீர் வந்தாலும் விழுங்கிக்கொள்வார்கள். அந்த விழுங்குதலைத்தான் பரீட்சகர் பார்க்கப்போகிறார்.

இந்த வகை நடிப்பை இயற்பண்பு நடிப்பு என்கிறார்கள். 1898இல் மொஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இதற்கு ஒரு முறையையே வகுத்தார். பார்ப்பவர்கள் இருக்கும் பக்கம் ஒரு சுவர் நிற்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். எங்கேயிருந்து வந்தேன், சாப்பிட்டேனா, சப்பாத்து நனைந்திருக்கிறதா, யாரிடம் என்ன வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்க வேண்டும். ஐந்தாறு நிமிடக் காட்சிக்காக அவள் ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறாள். கப்பலில் கிறிஸ்டீன் என்ன சாப்பிட்டாள் என்றும் அதில் இருக்கிறது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் கைப்பை ஒன்றோடு வந்தாள். நோரா "இரு, இரு" என்று உபசரிக்க, கதிரையின் நுனியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நோரா எவ்வளவு கதைத்தும் அந்தப் பை கீழே இறங்கவில்லை. வேலைக்குக் கணவனிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று நோரா சொன்ன பிறகுதான் மெதுவாகக் கால் பக்கத்தில் வைத்தாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்த இருப்பை நான் கண்டிருக்கிறேன். அது அவளுடைய மாமியின் இருப்பு. முறைப்பாடு சொன்ன அதே தகப்பனின் மூத்த அக்கா. எண்பதுகளில் லண்டனுக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இரவு வேலை செய்து, தம்பிமாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்தவர். கலியாணம் கட்டவில்லை. இன்றைக்கும் தம்பி வீட்டுக்குப் போனால் பையை மடியில்தான் வைத்திருப்பார்.

"மாமியிட்டக் கேட்டனியா?" என்றேன். கேட்டிருக்கிறாள். "என்ர பையைப் பாத்தா உனக்கு மார்க்ஸ் தரப்போகினம்?" என்று மாமி சிரித்தாராம். பிறகுதான் சொன்னாராம்: வந்த புதிதில் பாஸ்போட்டையும் உள்துறை அமைச்சின் கடிதத்தையும் வீட்டில் விட்டுப் போகப் பயம், ஒரே அறையில் ஆறு பேர், அதனால் போகிற இடமெல்லாம் கொண்டு திரிந்த பழக்கம் என்று. பதினேழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிட்டவளுக்கு இது தெரியாது. தம்பிக்குத் தெரியுமா என்று நான் விசாரிக்கவில்லை.

இந்த முறையில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. தொடக்கத்தில் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை, அழுகை வேண்டுமென்றால் உன் அம்மம்மா செத்த நாளை நினை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறது. இவளும் ஒரு கிழமை நினைத்திருக்கிறாள். நித்திரை இல்லாமல் முகம் வீங்கி வந்து நின்றாள். அன்றைக்கு நான் கண்டிப்பாக வேண்டாம் என்றேன். சொந்தத் துக்கத்தைக் கிளறி எடுக்கும் அந்த வழியை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே முதலில் பெரிதாகக் கொண்டாடியவர்தான். ஆனால் கடைசிக் காலத்தில் உடல் செய்யும் சின்னச் சின்னச் செயல்களிலிருந்து தொடங்கும் வழிக்கு வந்துவிட்டார். பையை வை, கையுறையைக் கழற்று, நெருப்புப் பக்கம் நகரு. பெற்றோர் பாடசாலையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் பிள்ளை உணர்ச்சிக்கு எங்கே போகிறது? புருசனை விட்டுப் போகிற கதையா என்பதைவிட இது முக்கியம்.

கதையைப் பற்றிப் பயப்பட்டதில் இந்தத் தகப்பன் முதல் ஆள் இல்லை. 1880இல் ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகும் முடிவை நடிக்க மறுத்துவிட்டார். இப்சன் வேண்டாவெறுப்பாக வேறொரு முடிவு எழுதிக் கொடுத்தார், பிறகு அதை நினைத்து நொந்துகொண்டார். எனக்கும் நோராவில் கோபம் இருக்கிறது, மூன்று பிள்ளைகள். அந்தக் கோபத்தைப் பதினேழு வயதுப் பிள்ளையோடு சாப்பாட்டு மேசையில் வைத்துச் சண்டை பிடிக்கலாமே. தாவீதின் கதையை ஞாயிறு பாடசாலையில் சொல்லும்போது பத்சேபாளை விட்டுவிட்டா சொல்கிறோம்?

இன்னொரு சகோதரர் நடிப்பு என்றாலே மாய்மாலம் என்றார். அவர் நினைத்ததைவிட அவர் பக்கம் பலமானது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் நாங்கள் மாயக்காரர் என்று வாசிக்கும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் உள்ள சொல், மேடை நடிகனுக்கு வழங்கிய அதே சொல்தான். ஆனால் அந்த அதிகாரத்தில் குற்றம் பிறர் காண வேண்டும் என்று செய்வது. இந்தப் பிள்ளை நாலு மாதமாகப் பழகுவதோ, பேனையோடு ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதும் அவருக்காக ஒன்றும் செய்யாமல் இருக்க. நான் அப்படிப் பழகவில்லை. என் வீட்டில் கதவு அடித்துச் சாத்திவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதே மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்று "கர்த்தருடைய கிருபையால நல்ல சுகம்" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு யாரும் புள்ளி போடவில்லை.

நாடகம் படித்தால் நாளைக்கு நல்ல டொக்டராக வருவாள் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தலாம், பலர் அப்படிச் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். நாடகம் மருத்துவத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் இல்லை.

பரீட்சகர் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் குடும்பத்தவர்களுக்காகப் பாடசாலையில் ஒருமுறை செய்து காட்டுகிறார்கள். தகப்பன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மாமி எந்த பஸ் போகும் என்று கேட்டு வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அந்தக் காட்சிக்குக் கைப்பிடி உள்ள பழைய மரக் கதிரைகள் இரண்டு வேண்டுமாம். எங்கள் பின்னறையில் இருக்கும் இரண்டையும் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். வான் வைத்திருக்கிறவர்கள் யாராவது வருகிற ஞாயிறு என்னோடு கதையுங்கள்.