புல்லை நாம் பார்க்கவே இல்லை

நீலகிரியிலும் பழனி மலையிலும் இருந்த உயர்மலைப் புல்வெளிகளில் பெரும்பகுதி நம் காலத்தில், நம் கண்ணெதிரே அழிந்தது. அழித்தது மரம். நாம் நட்ட மரம். நடுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் தானாகவே பரவிக்கொண்டிருக்கும் மரம். மலை பச்சையாகத்தான் இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

உதகைப் பக்கம் அதைச் சீகை மரம் என்பார்கள், வாட்டில் என்றும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவுக்கு உரிய மரம். 1840களில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக அதை நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். கற்பூர மரம் என்று அங்கே சொல்லும் யூகலிப்டஸும் அந்தக் காலத்தில்தான் வந்தது. பழியை முழுவதும் அவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் புல்வெளியின் பெரும்பகுதி போனது சுதந்திரத்துக்குப் பிறகு. தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும் என்று 1960களிலும் 70களிலும் மலை மலையாக நட்டோம். திட்டம் நம்முடையது, பணமும் நம்முடையது. மரம் இல்லாத நிலம் சும்மா கிடக்கும் நிலம் என்றே அன்று கணக்கு வைத்திருந்தோம். அந்தக் கணக்கை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை. மலையின் மடிப்புகளில் சோலைக்காடு, மேட்டிலும் சரிவிலும் புல், இரண்டுக்கும் நடுவே சதுப்பு. பல ஆயிரம் ஆண்டுகளாக அந்த மலைகள் இப்படித்தான் இருந்திருக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் திறந்த சரிவில் விழும் உறைபனியைச் சோலை மரங்களின் இளங்கன்றுகள் தாங்குவதில்லை, புல் தாங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறமாகத் தெரியும் அந்தப் புல்வெளியில் குனிந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு முழம் இடத்துக்குள் நாலைந்து வகைப் புல் இருக்கும். அவற்றின் இடுக்கில் மண்ணிலேயே வேர்விட்ட ஆர்க்கிட் ஒன்று நிற்கும். ஈரமான பள்ளத்தில், சிவந்த இலைமயிர்களின் நுனியில் பசைத்துளி மின்ன, பூச்சிக்காகக் காத்திருக்கும் அழுகண்ணி. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை இந்தப் புல்லுக்குள்தான் கூடு கட்டுகிறது. நீலக்குறிஞ்சியும் இந்தத் திறந்த சரிவுகளில் புல்லோடு சேர்ந்து வளரும் புதர்தான். 2018இல் அது பூத்தபோது கூட்டம் கூட்டமாக மலையேறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினோம். அது நிற்கும் இடம் ஏன் சுருங்கிக்கொண்டே போகிறது என்று கேட்கவில்லை.

வரையாடு நம் மாநில விலங்கு. அதற்கு மேய்ச்சலுக்குப் புல்லும் ஒதுங்கப் பாறையும் வேண்டும். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031 வரையாடுகள்தான் தெரியவந்தன. ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்கு அவை போகும் புல்வழியைச் சீகைத் தோப்பு அடைத்துவிட்டால், ஒவ்வொரு கூட்டமும் தன் குன்றிலேயே முடங்கிப்போகும்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களிடம் நாம் பட்டிருக்கும் கடன் இன்னும் பெரிது. அவர்களுடைய எருமைகள் மேய்ந்த நிலத்தில்தான் நட்டோம். தங்கள் கோயிலுக்குக் கூரை வேய அவர்கள் கண்ட புல்லையும் அறுப்பதில்லை. நீலகிரிச் சதுப்புகளில் மட்டுமே வளரும் ஒரு புல்லைத் தேடிப் போய் அறுத்து வருகிறார்கள். சதுப்புகள் வற்றியும் மரத்தால் மூடப்பட்டும் போனதில் அந்தத் தேடல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. அவர்களுடைய ஊர்களான மந்துகளில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டா ஒரு கன்றாவது நட்டோம்? கேட்டிருந்தால் அந்த நிலத்தைப் பற்றி அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

தண்ணீர் விஷயத்திலாவது நாம் விழித்திருக்க வேண்டும். பைக்காரா ஆறு முக்கூர்த்திப் பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து புறப்படுகிறது. மாயாறாக இறங்கிப் பவானிசாகரில் சேர்கிறது. ஈரோட்டு வயலுக்குப் போகும் தண்ணீரில் அந்தப் புல்லின் பங்கு உண்டு. மழைநீரை மண்ணில் இறக்கி, சதுப்பில் தேக்கி, கோடையிலும் சிறுகச் சிறுக விடுவது அதன் வேலை. மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தின் உதகைப் பிரிவு, நீலகிரியின் கிளென்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் நட்டு ஆண்டுக்கணக்கில் நீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிவிட்டு மறுபடி தழையவிட்ட அடுத்த சுற்றில் குறைவு ஏறத்தாழக் கால்பங்கு. நம் மலையிலேயே அளந்து, அச்சிட்டு வெளியான முடிவு இது. அதற்குப் பிறகும் மரம் இருந்தால்தான் தண்ணீர் என்று மேடையில் பேசினோம், பள்ளிக் கட்டுரைப் போட்டியில் எழுதவைத்தோம். சமவெளிக்கும் சோலைக்கும் அது பொருந்தலாம். புல்வெளிக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை, தெரிந்தவர்களும் உரக்கச் சொல்லவில்லை.

பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. 1973க்கும் 2014க்கும் இடையே அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல் போயிருக்கிறது. அந்த நாற்பது ஆண்டுகளும் நாம் கொடைக்கானலுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தோம். பைன் மரக்காட்டில் நின்று படம் எடுத்தோம், சினிமாப் பாட்டில் பார்த்து ரசித்தோம். அது நட்டு வளர்த்த அயல் மரம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

நட்டதைவிடப் பெரிய தவறு, நடுவதை நிறுத்திய பின் திரும்பிப் பார்க்காமல் வந்தது. 1980களின் கடைசியில் புதிதாக நடுவது பெரும்பாலும் நின்றது. அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். சீகையின் வேலை முடியவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். காட்டுத்தீ வந்தால் புல் எரியும், அந்தச் சூட்டில் விதையின் தடித்த ஓடு வெடித்து முளை கிளம்பும். புல்வெளி ஓரத்தில் அப்படி வந்த முதலாண்டுக் கன்றை மழை ஈரத்தில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். மூன்றாம் ஆண்டில் மண்வெட்டி வேண்டும். பத்தாம் ஆண்டில் கோடரி வேண்டும், வெட்டிவிட்டு வந்தால் சில வகைகள் அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் மறுபடி தழைக்கும். அதற்குள் அடியில் இருந்த புல் நிழலில் செத்திருக்கும். விரலால் முடிந்திருக்கக்கூடிய வேலையைக் கோடரிக்கும் இயந்திரத்துக்கும் வளரவிட்டவர்கள் நாம்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டுவதும் தவறு. பழனி மலையில் சில பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அங்கே கோடரி போகக் கூடாது. மலையில் எத்தனையோ ஏழை வீடுகளின் அடுப்பு இந்த விறகில்தான் எரிகிறது, அவர்களுக்கு மாற்று இல்லாமல் செய்வது கொடுமை. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை இடம் பார்த்து, அங்கே வாழ்பவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். முதல் கவனம் இன்னும் மிச்சமிருக்கும் புல்வெளியின் ஓரத்துக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம். அங்கேதான் குறைந்த செலவில் அதிகம் காப்பாற்றலாம்.

தென்னாப்பிரிக்கா இதே சீகையோடும் மற்ற அயல் மரங்களோடும் மல்லுக்கட்டுகிறது. ஆற்றுநீரைக் காக்கவென்றே 1995இல் அரசுத் திட்டம் தொடங்கி, வேலையில்லாத ஏழை மக்களுக்குக் கூலி கொடுத்து அவற்றை அகற்றிவருகிறார்கள். இங்கே 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்க ஒரு கொள்கை வெளியிட்டது. 2023இல் தொடங்கிய வரையாடு திட்டத்தில் புல்வெளியை மீட்பதும் ஒரு பகுதி. தாமதமாக வந்தாலும் நல்ல தொடக்கம்.

ஆனால் சீகையை ஒருமுறை வெட்டினால் போதாது. வெட்டிய இடத்தில் மலைப்புல்லை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும், ஆண்டுதோறும் ஆள் போய் முளைக்கும் கன்றைப் பிடுங்க வேண்டும். மண்ணில் இருக்கும் விதை தீரும்வரை அதற்குப் பணம் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அரசை அப்படி ஒதுக்கவைப்பது நம் கையில் இருக்கிறது. மரக்கன்று நடும் விழாவுக்குக் கேட்கிற அதே குரலில் புல் நாற்றங்காலுக்கும் பணம் கேளுங்கள். நீலகிரியில் மரம் வெட்டுகிறார்கள் என்ற படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அதைப் பத்துப் பேருக்கு அனுப்பும் முன் அது என்ன மரம், எந்த இடம் என்று விசாரியுங்கள். அடுத்த குறிஞ்சி 2030இல். அதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.