பனிமூட்டத்தை மட்டும் கூட்டாதீங்க

கேம் செய்யப் பழகும் நம்ம பசங்களுக்குக் கிடைக்கிற முதல் அறிவுரையே "வானத்தை அழகாக்கு, பனிமூட்டம் போடு" என்பதுதான். ஹட்டனில் இருக்கிற எங்களுக்கு இதில் ஒரு சண்டை இருக்கு.

1999இல் வந்த சைலண்ட் ஹில்லில் ஊர் முழுக்கப் பனி. பார்க்கவே பயம். உண்மையில் பழைய பிளேஸ்டேஷனால் தூரத்து வீடுகளை வரைய முடியவில்லை. வரையாததை மறைக்கத்தான் அந்தப் பனி. கெட்டித்தனம்தான். ஆனால் எங்கள் மலைப் பனியையும் அதே வேலைக்குத்தான் எடுக்கிறாங்க. சுற்றுலா போஸ்டரைப் பாருங்க: வெள்ளைப் பனி, பச்சைத் தேயிலை, நீல ரயில். லயம் எங்கே?

முகிலின் அடர்த்தி, வெளிச்சம் சிதறும் விதம் எல்லாம் கத்துக்கங்க. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இன் வானத்தை நாங்களும் வாய்பிளந்து பார்த்தவங்கதான். ஆனால் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் இங்கே மாறுவது வானத்தின் நிறம் மட்டுமா? இடுப்பில் கட்டிய படங்கு ஊறிக் கனக்கும். அட்டை ஏறும். கொழுந்து ஈரமென்று தராசில் கிலோ வெட்டுவாங்க. தகரத்தில் மழை அடித்தால் பக்கத்து ஆள் பேசுறது கேட்காது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மேல் மண் சரிந்தது. அதற்குப் பிறகு ராத்திரி மழைக்கு இங்கே எத்தனை பேர் நிம்மதியாத் தூங்குறாங்க?

இதையெல்லாம் கோடில் எழுதலாம். மழை கூடக் கூட நடை மெதுவாகட்டும், கூடை கனக்கட்டும், லயத்துக்கு மேலே மண் இளகட்டும். அதைச் செய்யாமல் பனியை மட்டும் கூட்டி 'மலையகம்' என்று பெயர் வைக்கிற கேமை நாங்கள் டவுன்லோட் பண்ண மாட்டோம்.