நாடிழந்தோர் எடுக்கும் விழா

நாட்டை இழந்தோர்க்கும் திருநாள் உண்டோ? உண்டு. அமெரிக்காவின் செரோக்கி மக்களிற் பெரும்பாலோர் 1838-39 இல் தாயகத்தினின்றும் துரத்தப்பட்டனர். அக்கண்ணீர்ப் பாதையில் ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என்பர். எஞ்சியோர், மேற்கே முன்னரே குடியேறியிருந்த தம்மினத்தாருடன் தாலக்குவாவிற் கூடி, 1839 செப்தெம்பர் 6 ஆம் நாள் அரசியல் யாப்பொன்றை வகுத்தனர். அந்நாளின் நினைவாகவே 1953 முதல் ஆண்டுதோறும் அங்கு விழா நடைபெறுகின்றது. ஊர்வலம், பந்தாட்டம், சோளத்தட்டை இலக்காகக் கொண்ட வில்வித்தை யாவும் உண்டு. செகோயா என்பார் 1821 இல் அமைத்துமுடித்த அசையெழுத்துகள் இன்றும் அந்நகர வீதிப்பலகைகளில் விளங்குகின்றன. ஆயினும், அம்மொழியைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியோரே. 2019 இல் மொழிக்கென்றே நெருக்கடிநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. விழாவிற் கைகொட்டி மகிழும் சிறுவர், வீட்டிற் பாட்டியாருடன் அம்மொழியிற் பேசினாலன்றோ அவ்விழாவுக்கும் பொருள் நிலைக்கும்!