வீட்டின் சூடு வரைபடத்திலேயே முடிவாகிறது

சித்திரை மாதத்து இரவு பத்து மணிக்கு, மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் ஃபேனைப் போட்டால் அது சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிச் சேர்த்துக்கொண்ட கான்கிரீட் தளம், வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே இருப்பவர் மேல் அதை இறக்கிக்கொண்டிருக்கும். மேற்குச் சுவரைத் தொட்டால் கை சுடும். இதை நாம் வெயிலின் குற்றமாகவே பேசிப் பழகிவிட்டோம். வெயில் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். ஒரு வீடு தாங்கக்கூடியதாகவும் பக்கத்து வீடு அடுப்பாகவும் இருப்பதற்குக் காரணம், தளம் எப்படிப் போடப்பட்டது, சுவர் எதனால் ஆனது, ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பவை. இவை அனைத்தும் அஸ்திவாரத்துக்குக் கோடு கிழிப்பதற்கு முன்பே காகிதத்தில் முடிவாகிவிடுகின்றன. ஆகவே ஒரு புது வீட்டின் வெப்பக் கணக்கையும் மின் தேவைக் கணக்கையும் திட்ட அனுமதி கேட்கும்போதே சமர்ப்பிக்கச் சொல்ல வேண்டும். கணக்கு தேறாத வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது.

இப்படி ஒரு கணக்கு நம்மிடம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட நெறியை வெளியிட்டது. வெளிச்சுவர், ஜன்னல்கள் வழியாக வீட்டுக்குள் நுழையும் வெப்பத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று அது ஒற்றை எண்ணாக்குகிறது. ஆங்கில எழுத்துகளில் ஆர்.இ.டி.வி. என்று பொறியாளர்கள் சொல்லும் அதை இங்கே வெப்ப எண் என்று வைத்துக்கொள்வோம். குளிர் பிரதேசங்கள் தவிர நாட்டின் மற்ற எல்லாத் தட்பவெப்ப மண்டலங்களிலும் அது 15-ஐத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கில் தளம் சேராது. அதற்குத் தனி வரம்பு உண்டு. கணக்குப் போட வரைபடமும் கட்டுமானப் பொருள் பட்டியலும் போதும், ஒரு கால்குலேட்டரில் முடித்துவிடலாம்.

ஒரு வீட்டை எடுத்துப் பார்ப்போம். வெளிப்பரப்பில் 100-க்கு 15 பங்கு ஜன்னல், மீதி சுவர். சாதாரணத் தெளிந்த கண்ணாடி, சன்ஷேடு கிடையாது, நான்கு திசைக்கும் சராசரி. சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊருக்கான சூத்திரத்தில் போட்டால், பூச்சோடு கூடிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு வெப்ப எண் ஏறத்தாழ 17 அல்லது 18 வருகிறது. எட்டு அங்குல சாலிட் பிளாக் என்றால் 21. அலுமினியப் பலகை அடைத்து ஒரே வார்ப்பாக ஊற்றும், மைவான் என்று கட்டுமானத் துறையில் சொல்லப்படும் ஆறு அங்குல கான்கிரீட் சுவர் என்றால் 25. காற்றுக்குமிழ்கள் நிறைந்த, ஏஏசி எனப்படும் எட்டு அங்குல இலேசான பிளாக்கில் கட்டினால் 12. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒரே பெயின்ட், ஒரே டைல்ஸ். உள்ளே வரும் வெப்பத்தில் மிக மோசமானதற்கும் மிக நல்லதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். விரைவாகக் கட்டி முடிக்க உதவுகிறது என்பதற்காகப் பெரிய அடுக்குமாடித் திட்டங்கள் தேர்ந்தெடுக்கும் கான்கிரீட் சுவர்தான் இந்தக் கணக்கில் மிக மோசமாக நிற்கிறது. அந்த வீட்டை வாங்குபவருக்கு இது சொல்லப்படுவதில்லை.

செங்கல் வீட்டுக்காரர் இதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ஜன்னல்களுக்கு ஒழுங்கான சன்ஷேடு வைத்தால் அவருடைய எண் 15-க்குப் பக்கத்தில் வந்துவிடும். மேற்கே இருக்கும் ஒரு ஜன்னலை வடக்கே மாற்றினால் வரம்புக்குள் இறங்கிவிடும். நம் அட்சரேகையில் மேற்கு முகத்துக்கு 1.156 என்றும் வடக்கு முகத்துக்கு 0.659 என்றும் நெறி ஒரு காரணி தருகிறது. ஒரே ஜன்னல் வடக்கில் வாங்கும் வெப்பத்தைவிட மேற்கில் முக்கால் பங்கு கூடுதலாக வாங்கும் என்பது இதன் பொருள். வரைபடத்தில் அந்த ஜன்னலை மாற்ற ஒரு ரப்பரும் பென்சிலும் போதும். சுவர் எழும்பிய பிறகு மாற்ற வேண்டுமானால் இடிக்க வேண்டும். காற்றோட்டமும் இப்படித்தான். திறக்கக்கூடிய பரப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது நெறி. 120 சதுர அடிப் படுக்கையறை ஒன்றில் ஐந்துக்கு நான்கு அடி ஜன்னல் வைத்தால் 20 சதுர அடி, கணக்கு சரி என்று தோன்றும். ஆனால் இன்று எங்கும் வைக்கப்படும் இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். காற்று வர 10 சதுர அடிதான். பழைய மாதிரி இரண்டு பக்கமும் விரியத் திறக்கும் ஜன்னல் என்றால் கிட்டத்தட்ட முழுப் பரப்பும் கிடைக்கும். தளத்தின் கதை இதைவிடக் கடுமையானது. வெறும் ஆறு அங்குல கான்கிரீட் தளம் கடத்தும் வெப்பம், நெறி அனுமதிக்கும் அளவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதற்கு மேல் வெப்பக் காப்புப் பலகை வைத்துத் தட்டோடு பதித்தால்தான் வரம்புக்குள் வரும்.

இது தனி வீட்டின் சௌகரியம் மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2019-ல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல் திட்டம், அப்போது நாட்டில் 100 குடும்பங்களில் எட்டில்தான் ஏசி இருந்தது என்றும், 2037-38-க்குள் அது 40 ஆகும் என்றும் கணித்தது. வரப்போகும் ஏசிகளில் பெரும்பகுதி இப்போது கட்டப்படும் சுவர்களுக்குள்தான் மாட்டப்படும். ஏசிக்கு நட்சத்திரக் குறியீடு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து நட்சத்திர ஏசியை அடுப்பு போன்ற அறையில் மாட்டினால், நட்சத்திரம் மிச்சப்படுத்தியதை மேற்குச் சுவர் தின்றுவிடும். மேலும் ஏசியைப் பத்து வருடத்தில் மாற்றிவிடலாம், சுவர் அரை நூற்றாண்டுக்கு நிற்கும். கட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 500 யூனிட்டைத் தாண்டிய பில்லோடு உட்கார்ந்திருப்பவர் வீட்டை வாங்கியவர், இல்லையென்றால் வாடகைக்கு இருப்பவர். செலவைக் குறைக்கக்கூடிய இடத்தில் இருப்பவருக்கு அதைக் குறைக்கும் அவசியம் இல்லாதபோது, விதி ஒன்றுதான் குறுக்கே வர முடியும்.

காகிதத்தில் போடும் கணக்கு காகிதத்திலேயே நின்றுவிடும் என்ற எதிர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1990-களின் நடுவிலிருந்தே புது வீட்டுக்கு எரிசக்தி மதிப்பீடு கட்டட விதிகளின் பகுதி. இன்றைய விதிப்படி, வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குள் வடிவமைப்புக் கணக்கு கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போய்ச் சேர வேண்டும். கட்டி முடித்த பிறகு, உண்மையில் கட்டப்பட்டதை வைத்து இரண்டாவது கணக்கு. அப்படியும் கணக்கு சொன்னதைவிடக் கட்டிய வீடுகள் அதிக எரிசக்தி தின்றன. காப்புப் பலகையில் இடைவெளி விட்டிருப்பார்கள், வேறு ஜன்னலைப் பொருத்தியிருப்பார்கள். இதைக் கண்ட பிறகும் அவர்கள் மதிப்பீட்டைக் கைவிடவில்லை. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய விதியில், மூடி மறைக்கும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து ஆவணமாக வைப்பதைக் கட்டாயமாக்கினார்கள். நமக்கும் அதுவே வழி. தட்டோடு பதிப்பதற்கு முன் தளத்தில் காப்புப் பலகை கிடக்கும் படம், பூச்சுக்கு முன் சுவரின் படம், பொருத்திய ஜன்னலின் படம் என்று இடமும் தேதியும் தெரியும் மூன்று படங்கள் போதும். அவை வராமல் நிறைவுச் சான்று இல்லை என்று சொன்னால் மேஸ்திரி முதல் முதலாளி வரை அனைவருக்கும் புரியும். நம் மாநிலமே இதற்கு ஒரு முன்னுதாரணம். 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோதும் இதே சந்தேகம் எழுந்தது. பெயருக்குக் குழாய் வைத்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அந்த விதியால் தமிழ்நாட்டில் வீடு கட்டுகிற எவரும் மழைநீருக்கு எங்கே குழி என்று யோசிக்காமல் வரைபடம் போடுவதில்லை.

சிறிய வீடு கட்டுகிறவருக்கு இது இன்னொரு சுமையாகாதா, இன்னொரு கையெழுத்துக்கு இன்னொரு மேசையா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுபவர்களுக்கு 2024 முதல் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு, அதைக் கெடுக்கக் கூடாது. அவர்களிடம் சூத்திரம் கேட்க வேண்டாம். சுவர் எதனால், தளத்துக்கு மேல் என்ன, மேற்கு ஜன்னலுக்கு நிழல் உண்டா, ஜன்னலில் எவ்வளவு திறக்கும் என்ற நான்கு கேள்விகளை அதே இணையப் படிவத்தில் சேர்த்தால் எண்ணைக் கணினியே போட்டுவிடும். வரம்பைத் தாண்டினால் எதை மாற்றினால் சரியாகும் என்பதையும் திரையிலேயே காட்டலாம். அலுவலர் தலையிடவே வேண்டாம். செலவைப் பொறுத்தவரை, ஜன்னலின் திசைக்கும் அளவுக்கும் செலவே இல்லை. சன்ஷேடும் தளத்தின் வெள்ளைப் பூச்சும் சிறு செலவு. தளக் காப்புப் பலகைக்குக் கூடுதல் பணம் ஆகும், அதை மறைக்கத் தேவையில்லை. கோடிக்கணக்கில் விற்கும் அடுக்குமாடிக்காரர் செலவைக் காரணம் சொன்னால் அதை ஏற்க மாட்டேன்.

ஏசியே வாங்க முடியாதவருக்கு இந்தக் கணக்கு எதற்கு என்றும் கேட்பார்கள். அவருக்குத்தான் அது முதலில் தேவை. ஏசி வைத்திருப்பவர் மோசமான சுவரைப் பணத்தால் சமாளிப்பார். ஃபேன் மட்டும் வைத்திருப்பவர் அதை உடம்பால் தாங்க வேண்டும். வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழ்நாடு. பேரிடரை அறிவித்த அரசு தான் கட்டித்தரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளை இந்தக் கணக்குக்கு முதலில் உட்படுத்த வேண்டும். மேல்மாடியில் குடியேறும் முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் அது செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான்.

மாநிலத்துக்கு இதற்கான அதிகாரம் இருக்கிறது. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் குடியிருப்புகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 100 கிலோவாட் மின் இணைப்பு என்ற அதன் எல்லைக்குள் பெரிய குடியிருப்புகள் மட்டுமே வரும். ஆனால் அந்த எல்லையை மாநிலங்கள் குறைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. நம் ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப நெறியைத் திருத்திக்கொள்ளவும் இடம் உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவாகும் ஒவ்வொரு திட்டமும் கார்பெட் ஏரியாவைச் சொல்ல வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே வெப்ப எண்ணையும் தளம் கடத்தும் வெப்பத்தின் அளவையும் எழுத வைப்பது பெரிய வேலையில்லை. விதி வரும்வரை வீடு வாங்கப் போகிறவர்கள் காத்திருக்க வேண்டாம். முன்பணம் கொடுப்பதற்கு முன், சுவர் எதனால் கட்டப்படுகிறது, தளத்துக்கு மேல் என்ன பதிக்கிறார்கள், அந்த எண் 15-க்குள் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.