தொண்டைவலியும் இதயக் கதவும்

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கொல்லைகளில் பம்புசெட்டின் ஃபுட் வால்வு கசிவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நின்ற நீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். மறுநாள் குழாயில் நீர் ஊற்றினால்தான் பம்பு இழுக்கும்.

நம் இதயத்திலும் இத்தகைய வால்வு உண்டு. இடது கீழறைக்கும் பெருந்தமனிக்கும் இடையே, மூன்று மெல்லிய இதழ்களால் ஆன ஒருவழிக் கதவு அது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. இரத்தம் இதன் வழியே உடலுக்குச் செல்கிறது. கதவு சரியாக மூடாமல், வெளியேறியதில் பாதி திரும்பி வந்தால்? அதே 70 மி.லி.யை உடலுக்குத் தர, இதயம் 140 மி.லி. தள்ள வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் துடிப்புகள்! அறை விரிகிறது, சுவர் தடிக்கிறது. பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பிறகு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

இக்கசிவை அறுவை மருத்துவர்கள் சரிசெய்கிறார்கள். தொய்ந்த இதழைத் தையலிட்டு உயர்த்துகிறார்கள். விரிந்த வளையத்தை இறுக்குகிறார்கள். இதழ்கள் சுருங்கித் தடித்துவிட்டாலோ, பெரும்பாலும் மாற்று வால்வுதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர், முந்தைய மாதிரிகள் தோற்றும் தளராமல் உருவாக்கிய சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பெருமைக்குரிய சாதனை. ஆயினும், இத்தகைய செயற்கை வால்வு பெற்றவர், இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான்: வால்வைக் காக்கும் முதல் இடம் அறுவைக்கூடம் அன்று, உங்கள் வகுப்பறையே. நம் நாட்டில் இதய வால்வுகளைக் கெடுக்கும் முக்கியக் காரணங்களுள் ஒன்று ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயது வரையுள்ளோரையே அது மிகுதியாகத் தாக்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப் புண் வந்து சில வாரங்களில், அக்கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய பொருள்கள் சொந்த வால்வையே தாக்கிவிடுகின்றன. உரிய காலத்தில் தரும் பென்சிலின் இதைத் தடுக்கும்.

காய்ச்சலோடு தொண்டைவலியா? மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாத் தொண்டைவலிக்கும் பென்சிலின் தேவையில்லை. அதை அவர் முடிவு செய்வார். அவர் தந்த மருந்தை, வலி நின்றதும் நிறுத்திவிடாமல் முழுவதும் உண்ணுங்கள். மூட்டுகள் மாறி மாறி வீங்கும் தோழனைக் கண்டால், 'வளர்கிற வயது, அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் ஆசிரியரிடம் கூறுங்கள்.

ஃபுட் வால்வு பழுதானால் புதிதாக வாங்கி மாட்டலாம். பிறவியில் பெற்ற இதய வால்வுக்கு முழு ஈடு இதுவரை எவரும் செய்ததில்லை.